நாலு மெழுகுதிரி, நிறையச் சந்தேகம்: திருவருகைக் காலக் கேள்வி பதில்

நவம்பர் பிறந்தால் எங்களுக்கு வரும் கடிதங்களில் பாதி, கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளைக் கொண்ட காத்திருப்புக் காலமான திருவருகைக் காலத்தைப் பற்றித்தான். போன இதழில் கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தோம். ஒரே சந்தேகத்தைப் பலர் கேட்டிருந்ததால் சேர்த்துப் பதில் தருகிறோம். தேதிகள் எல்லாம் 2026ஆம் ஆண்டுக்கு உரியவை.

எங்கள் பங்குக் கோவில் அறிக்கையில் திருவருகைக் காலத் தொடக்கம் நவம்பர் 29 என்று இருக்கிறது. கிறிஸ்துமஸ் வரை நாள் எண்ணக் கடையில் வாங்கிய சாக்லேட் காலண்டர் டிசம்பர் 1இல் தொடங்குகிறது. எது சரி? (தூத்துக்குடி வாசகி)

பங்கு அறிக்கைதான் சரி. நவம்பர் 30, புனித அந்திரேயா விழா. அதற்கு மிக அருகில் வரும் ஞாயிறே திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. ஆகவே அது நவம்பர் 27க்கு முன்னால் வராது, டிசம்பர் 3ஐத் தாண்டாது. காலத்தின் நீளமும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். 2026இல் 26 நாள், 2027இல் 27 நாள். 2028இல் டிசம்பர் 3இல் தொடங்கி 22 நாளிலேயே முடிந்துவிடும். அந்த ஆண்டு டிசம்பர் 24 காலையில் நான்காம் ஞாயிறு, மாலையில் கிறிஸ்துமஸ். கடைக் காலண்டருக்கு இந்தக் கணக்கு தேவையில்லை. எல்லா ஆண்டுக்கும் ஒரே அட்டை விற்க டிசம்பர் 1 வசதி, அவ்வளவுதான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். முதல் ஞாயிறோடு புதிய வழிபாட்டு ஆண்டு பிறக்கிறது. நவம்பர் 29 முதல், மூன்று ஆண்டுச் சுழற்சியில் இரண்டாம் ஆண்டு வாசகங்கள், அதாவது பெரும்பாலும் மாற்கு நற்செய்தி. போன ஆண்டுக் கையேட்டை வைத்துக்கொண்டு வீட்டில் வாசித்தால் கோவிலில் கேட்பதும் வீட்டில் கேட்பதும் வேறு வேறாக இருக்கும்.

வீட்டில் திருவருகைக் கால வளையம் (பச்சை இலைகளுக்கு நடுவே, ஞாயிறுக்கு ஒன்றாக ஏற்றும் நான்கு மெழுகுதிரி) செய்ய ஆசை. போன வருடம் சவுக்கு இலை நாலே நாளில் காய்ந்து கொட்டிவிட்டது, மெழுகுதிரி ஒன்று சாய்ந்துவிட்டது. ஊதா நிறத் திரியும் கிடைக்கவில்லை. (சென்னை, அடுக்குமாடி வாசகர்)

முதலில் சவுக்கை விட்டுவிடுங்கள். வெட்டிய சவுக்கு வேகமாகக் காயும். காய்ந்த ஊசியிலையில் ஒரு பொறி பட்டால் குபீரென்று பிடிக்கும். திரிக்குப் பக்கத்தில் வைக்கவே கூடாத இலை அது. நெட்டிலிங்க இலை, மாவிலை, குரோட்டன்ஸ் போதும். சனிக்கிழமை மாலை பழையதை எடுத்துவிட்டுப் புதிது வையுங்கள். வாரம் ஒரு முறை மாற்றும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுத்தால் அதுவே ஞாயிறுக்கான ஆயத்தம்.

திரி சாய்வதற்குக் காரணம் அடிப்பிடி. உருகிய மெழுகைச் சொட்டி ஒட்டவைப்பது நம் ஊர்ச் சூட்டில் நிற்காது. ஒரு அகலமான தாம்பாளத்தில் இரண்டு அங்குல உயரத்துக்கு ஈர மணலைக் கொட்டி அழுத்துங்கள். திரியை ஒன்றரை அங்குலம் உள்ளே சொருகுங்கள். இலைகளைத் தட்டின் ஓரத்தில் மட்டும் படுக்க வையுங்கள். சுடருக்கும் இலைக்கும் இடையே ஒரு சாண் இருக்கட்டும்.  சீலிங் ஃபேனுக்கு நேர் கீழே வைத்தால் சுடர் ஒரு பக்கமே சாயும், மெழுகு அந்தப் பக்கமாக வழிந்து திரி குட்டையாகிவிடும். செபிக்கும் பத்து நிமிடம் விசிறியை நிறுத்துங்கள்.

திரியின் அளவையும் கணக்குப் போட்டு வாங்குங்கள். தினமும் பத்து நிமிடம் ஏற்றினால் முதல் திரி 26 நாளுக்கு 4 மணி 20 நிமிடம் எரியும். டிசம்பர் 6இல் ஏற்றும் இரண்டாவது 3 மணி 10 நிமிடம், 13இல் ஏற்றும் மூன்றாவது 2 மணி நேரம், 20இல் ஏற்றும் நான்காவது வெறும் 50 நிமிடம். கடையில் பாக்கெட்டாகக் கிடைக்கும் மெல்லிய திரி முதல் வாரத்தைத் தாண்டாது. ஒரு அங்குல விட்டமும் ஏழெட்டு அங்குல உயரமும் உள்ளது தாராளமாகப் போதும். கடைசியில் நான்கும் நான்கு உயரத்தில் நிற்பது அழகுதான், சமப்படுத்த முயலாதீர்கள்.

நிறம்: மூன்று ஊதா, ஒன்று ரோஜா நிறம். ரோஜாத் திரி மூன்றாம் ஞாயிறுக்கு உரியது. அதை 'மகிழ்ச்சி ஞாயிறு' என்போம். ஊதா கிடைக்காவிட்டால் வெள்ளைத் திரி வாங்கி, தட்டின் வெளி விளிம்பில் ஊதா ரிப்பன் சுற்றுங்கள். திரியின் மேல் எனாமல் பெயின்ட் அடிக்க வேண்டாம். அது தீப்பிடிக்கும், புகையும் நாறும். வாட்டர் கலர் மெழுகில் ஒட்டவே ஒட்டாது.

நிறத்தைப் பற்றி ரொம்பவும் கவலைப்படுகிறவர்களுக்கு: 1839இல் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில், ஏழைச் சிறுவர் இல்லம் நடத்திய லூத்தரன் போதகர் யோஹான் ஹின்ரிச் விஹெர்ன் முதல் வளையத்தைச் செய்தபோது அது ஒரு வண்டிச் சக்கரம். வார நாட்களுக்குச் சிறிய சிவப்புத் திரிகள், ஞாயிறுகளுக்கு நான்கு பெரிய வெள்ளைத் திரிகள். கிறிஸ்துமஸ் எப்போது எப்போது என்று கேட்டுத் தொந்தரவு செய்த பிள்ளைகள் நாளை எண்ணுவதற்காகச் செய்தது அது.

திரி ஏற்றும்போது என்ன சொல்ல வேண்டும்? பிள்ளைகளுக்கு 4 வயது, 9 வயது. இரண்டாவது வாரமே சலித்துவிடுகிறார்கள். (திருச்சி வாசகி)

பிள்ளைகள் சலிப்பதில்லை, செபம் நீண்டுவிடுகிறது. திரி ஏற்றி, ஐம்பத்து மூன்று மணிச் செபமாலையும் சொல்லி, மன்றாட்டு மாலையும் சேர்த்தால் முக்கால் மணி நேரம். நான்கு வயதுக் குழந்தை என்ன செய்யும்? செபமாலையை நிறுத்தச் சொல்லவில்லை. வளையச் செபத்தைத் தனியாக, பத்தே நிமிடத்தில் முடியுங்கள். செபமாலை பெரியவர்களுக்கு அப்புறம்.

விளக்கை அணைத்துவிட்டுத் தொடங்குங்கள், இதுதான் முக்கியம். சிலுவை அடையாளம். ஒருவர் "ஆண்டவராகிய இயேசுவே" என்று சொல்ல, மற்றவர்கள் "வாரும்" என்பார்கள். இது திருவெளிப்பாட்டு நூலின் கடைசி அதிகாரத்தில் உள்ள மன்றாட்டு. நான்கு வயதுக் குழந்தைக்கு அந்த ஒரு சொல் போதும். பிறகு திரி ஏற்றல். வாரத்துக்கு ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள், தினம் ஒருவர் என்றால் சண்டை வரும். ஐந்து முதல் எட்டு வசனம் வரை வாசிப்பு, அதற்கு மேல் வேண்டாம். ஒரு நிமிட மௌனம். ஒரு நிமிடம் என்று நாம் நினைப்பது பெரும்பாலும் இருபது விநாடிதான், கடிகாரத்தைப் பாருங்கள். ஆளுக்கு ஒரு வரி வேண்டுதல். விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே. முடிவுச் செபம்.

முடிவுச் செபத்தை வாரம் முழுவதும் மாற்றாமல் சொன்னால் ஒன்பது வயதுப் பிள்ளை வியாழக்கிழமைக்குள் மனப்பாடம் செய்துவிடும். 2026 வாசகங்களை ஒட்டி நான்கு செபம் தருகிறோம்.

முதல் வாரம் (மாற்கு 13:33-37): "வீட்டுத் தலைவரே, மாலையோ நள்ளிரவோ, சேவல் கூவும் நேரமோ காலையோ, நீர் எப்போது வந்தாலும் எங்கள் வீடு திறந்திருக்கட்டும். நாங்கள் தூங்கிவிட்டால் எழுப்பும். ஆமென்."

இரண்டாம் வாரம் (எசாயா 40:1-5, மாற்கு 1:1-8): "ஆறுதல் சொல்லும் ஆண்டவரே, எங்கள் பேச்சில் உள்ள மேட்டைத் தாழ்த்தும், எங்கள் மனத்தில் உள்ள பள்ளத்தை நிரப்பும். உமக்கு நேரான வழி எங்கள் வாசலில் தொடங்கட்டும். ஆமென்."

மூன்றாம் வாரம் (யோவான் 1:19-28): "ஒளியான இயேசுவே, நான் மெசியா அல்ல என்று துணிந்து சொன்ன யோவானைப்போல, எங்களைப் பெரிதாக்கிக் காட்டாமல் உம்மைக் காட்ட வரம் தாரும். எப்போதும் மகிழ்ந்திருக்கக் கற்றுத் தாரும். ஆமென்."

நான்காம் வாரம் (லூக்கா 1:26-38): "இது எப்படி ஆகும் என்று கேட்ட மரியாவின் வாய் திறந்ததுபோல் எங்கள் வாயும் திறக்கட்டும். உம் சொற்படியே ஆகட்டும் என்று அவர் சொன்னதுபோல் எங்கள் மனமும் சொல்லட்டும். ஆமென்."

பெரியவர்கள் தனியாகச் சிந்திக்க ஒரு குறிப்பு. மாற்கு 13இல் இயேசு இரவை நான்கு சாமமாகப் பிரிக்கிறார். மாலையில் வேலை முடித்து எரிச்சலோடு வரும் நேரம், தூக்கம் வராமல் புரளும் நள்ளிரவு, இன்னும் விடியாத கோழி கூவும் பொழுது, பிள்ளைகளைப் பள்ளிக்குக் கிளப்பும் காலை. இதில் எந்தச் சாமத்தில் நீங்கள் உங்களை இழக்கிறீர்கள் என்று பாருங்கள். ஒப்புரவு அருளடையாளத்துக்கு, அதாவது பாவசங்கீர்த்தனத்துக்கு, போகுமுன் செய்யும் ஆன்ம சோதனைக்கு, நீண்ட பாவப் பட்டியலைவிட இந்த ஒரு கேள்வி அதிகம் வெளியே கொண்டுவரும். பாவசங்கீர்த்தனத்துக்கு டிசம்பர் 23 வரை காத்திருக்காதீர்கள். வரிசையில் நிற்கும் பதற்றத்தில் பாதி மறந்துபோகும்.

டிசம்பர் 17இலிருந்து செபங்கள் மாறும் என்கிறார்களே, என்ன மாற்றம்? (மதுரை வாசகர்)

திருவருகைக் காலம் உண்மையில் இரண்டு பகுதி. டிசம்பர் 16 வரை வழிபாடு ஆண்டவரின் இரண்டாம் வருகையையே அதிகம் பேசும். 17 முதல் 24 வரை பெத்லகேமை நோக்கித் திரும்பும். நம்மில் பலர் முதல் பகுதியை அப்படியே விழுங்கிவிட்டு நவம்பர் கடைசியிலேயே கிறிஸ்துமஸ் குடிலுக்குப் போய்விடுகிறோம். திருவருகைக் காலம் வெறுமையாகத் தெரிவதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

17 முதல் 23 வரை ஏழு மாலைகளில், திருச்சபையின் மாலைச் செபமான மாலைத் திருப்புகழில் மரியாவின் பாடலுக்கு முன்னும் பின்னும் சொல்லும் ஏழு பழமையான முன்மொழிகள் உண்டு. எட்டாம் நூற்றாண்டுக்குள்ளேயே வழக்கத்தில் இருந்தவை. எல்லாம் 'ஓ' என்ற விளியோடு தொடங்கும். 17இல் ஞானமே (சீராக் 24), 18இல் மோசேக்கு முட்புதரில் தோன்றிய ஆண்டவரே (விடுதலைப் பயணம் 3), 19இல் ஈசாயின் வேரே (எசாயா 11:10), 20இல் தாவீதின் திறவுகோலே (எசாயா 22:22), 21இல் விடியலே (லூக்கா 1:78), 22இல் மக்களினங்களின் அரசரே (எபேசியர் 2:14), 23இல் இம்மானுவேலே (எசாயா 7:14). லத்தீனில் இந்தப் பெயர்களின் முதல் எழுத்துகளைக் கடைசியிலிருந்து கோத்தால் 'எரோ க்ராஸ்' என்று வரும். 'நாளை நான் இருப்பேன்' என்று பொருள். வேண்டுமென்றே கோத்ததா என்பது வேறு விஷயம், 23ஆம் தேதி இரவு பிள்ளைகளிடம் சொல்ல நல்ல புதிர்.

ஏழும் ஒரே அமைப்பு: பெயர் சொல்லி அழைத்தல், அவர் செய்ததைச் சொல்லுதல், 'வாரும்' என்ற அழைப்பு, எதற்காக வர வேண்டும் என்ற வேண்டுதல். இது தெரிந்தால் நீங்களே எழுதலாம். 20ஆம் தேதிக்கு எடுத்துக்காட்டாக: "தாவீதின் திறவுகோலே, நீர் திறந்தால் பூட்டுவார் இல்லை, நீர் பூட்டினால் திறப்பார் இல்லை. வாரும், இருளில் கட்டுண்டு கிடப்பவர்களை வெளியே கொண்டுவாரும்." அன்று வீட்டுச் சாவியை வளையத்தின் பக்கத்தில் வைத்து, சிறையில் இருப்பவர்களுக்காகவும் பேச்சு வார்த்தை நின்றுபோன உறவினர் ஒருவருக்காகவும் வேண்டுங்கள். உறவினர் பெயரைப் பிள்ளைகள் முன் சொல்ல வேண்டாம், ஊர் முழுக்கப் போய்விடும்.

என் மாமியார் சி.எஸ்.ஐ. (புராட்டஸ்டன்ட்), நான் கத்தோலிக்கம். ஒரே வளையத்தில் சேர்ந்து செபிக்கலாமா? (பாளையங்கோட்டை வாசகி)

தாராளமாக. ஞாயிறு கணக்கும் ஒன்றுதான், ஊதா நிறமும் ஒன்றுதான். வளையத்தை உலகுக்குக் கொடுத்ததே ஒரு லூத்தரன் போதகர். உங்கள் மாமியாருடைய பைபிளில் சீராக் நூல் இருக்காது, எனவே 17ஆம் தேதி நீதிமொழிகள் 8ஐ வாசியுங்கள். ரோஜாத் திரி அவருக்குப் புதிதாக இருக்கலாம். அருள்நிறை மரியே சொல்வதை உங்கள் தனிச் செபத்துக்கு வைத்துக்கொண்டு, சேர்ந்திருக்கும்போது லூக்கா 1:46-55ஐ வாசித்தால் மரியாவின் குரல் இருவருக்கும் பொதுவாகக் கிடைக்கும்.

"15 முறை சொன்னால் கேட்டது கிடைக்கும்" என்று ஒரு செபம் வாட்ஸ்அப்பில் வருகிறது. ஒரு நாள் விட்டுப்போனால் பலன் போய்விடுமா? (சிவகங்கை வாசகர்)

அது அந்திரேயா நவநாள் என்று வழங்கும் செபம். பெத்லகேமில் நள்ளிரவில், கடுங்குளிரில், தூய கன்னியிடம் இறைமகன் பிறந்த நேரத்தைப் போற்றி, அந்த நேரத்தில் என் மன்றாட்டைக் கேட்டருளும் என்று வேண்டுவது. நவம்பர் 30இல் தொடங்கி டிசம்பர் 24 வரை தினம் 15 முறை என்றால் 375 முறை. பெயர்தான் நவநாள், ஒன்பது நாள் அல்ல. அந்திரேயாவிடம் வேண்டுவதும் அல்ல, அவர் விழாவில் தொடங்குவதால் வந்த பெயர். 1897இல் நியூயார்க் பேராயர் அனுமதி அளித்த செபம், சொல்வதில் தவறே இல்லை.

'கிடைக்கும்' என்ற உத்தரவாதமும் 'பத்துப் பேருக்கு அனுப்பு' என்ற வாலும்தான் தவறு. ஒரு நாள் விட்டால் மறுநாள் 30 முறை சொல்லிக் கடனை அடைக்க வேண்டாம். காலை ஐந்து, மதியம் ஐந்து, இரவு ஐந்து என்று பிரித்து, மூவேளைச் செபத்தோடு சேர்த்துக்கொண்டால் விட்டுப்போகாது.

திருவருகைக் காலத்தில் கறி சாப்பிடலாமா? பக்கத்து வீட்டில் 25 நாள் நோன்பு இருக்கிறார்கள். (மார்த்தாண்டம் வாசகர்)

உங்கள் பக்கத்து வீட்டார் கேரளக் கிறிஸ்தவப் பிரிவுகளான சீரோ மலபார் அல்லது மலங்கரைத் திருச்சபையினராக இருக்கலாம். டிசம்பர் 1இல் தொடங்கும் 25 நோன்பு அவர்களுடைய பழைய வழக்கம். லத்தீன் வழிபாட்டு முறையில் இக்காலத்துக்கென்று கட்டாய நோன்பு இப்போது இல்லை. ஒரு காலத்தில் இருந்தது. ஐந்தாம் நூற்றாண்டில் பிரான்சின் தூர் நகர ஆயர் பெர்பெத்துவுஸ், நவம்பர் 11 தொடங்கி கிறிஸ்துமஸ் வரை வாரம் மூன்று நாள் நோன்பு வைத்தார்.

விரும்பினால் புதன், வெள்ளி இரண்டு நாளும் கறி மீன் இல்லாமல் இருங்கள். 2026இல் அது ஏழு நாள் வருகிறது. மிச்சமான பணத்தை அன்றன்றே எடுத்து ஒரு டப்பாவில் போடுங்கள். மாதக் கடைசியில் கணக்குப் பார்த்துக் கொடுக்கலாம் என்றால் அந்தப் பணம் கேக்குக்குப் போய்விடும்.

டிசம்பர் 13 ஞாயிறன்று மகளுக்குக் கல்யாணம் வைக்கலாமா? (திண்டுக்கல் வாசகி)

திருமணம் தடை இல்லை. ஆனால் திருவருகைக் கால ஞாயிறுகளில் திருமணத் திருப்பலிக்கான தனி மன்றாட்டுகளைப் பயன்படுத்த முடியாது. அன்றைய ஞாயிறு திருப்பலியே நடக்கும், உள்ளே திருமணச் சடங்கு வரும். 'உன்னதங்களிலே' என்ற புகழ்ப்பாடலைப் பாடுவதில்லை. அல்லேலூயா உண்டு, தவக்காலம்போல அது நிற்பதில்லை. பீடத்தில் மலர் அலங்காரம் அளவாகத்தான் இருக்க வேண்டும். மண்டபம் பேசுவதற்கு முன் பங்குத்தந்தையிடம் பேசுங்கள், பல இடங்களில் முன் அனுமதி கேட்பார்கள். சனிக்கிழமை காலை வைத்தால் பாதிச் சிக்கல் தீரும்.

கேரல் ரவுண்ட்ஸ் டிசம்பர் முதல் தேதியே தொடங்கலாமா? எங்கள் பங்கில் 300 வீடு. (நாசரேத் பகுதி இளைஞர்கள்)

முதல் வாரமே பாலன் பிறந்துவிட்டார் என்று பாடினால் 25ஆம் தேதி பாட என்ன மிச்சம்? 17 முதல் 23 வரை ஏழு இரவு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு குழுவாகப் பிரிந்தால் ஒரு இரவுக்குக் குழுவுக்கு 22 வீடு. நடையையும் சேர்த்து வீட்டுக்கு ஏழு நிமிடம் என்றால் இரண்டரை மணி நேரம்: ஆறரைக்குக் கிளம்பி ஒன்பதுக்குத் திரும்பலாம். பிந்துவதற்குக் காரணம் பாட்டு அல்ல, ஒவ்வொரு வீட்டிலும் தரும் காபி. முன்கூட்டியே வேண்டாம் என்று அறிவித்துவிடுங்கள். இரவு 10க்கு மேல் ஒலிபெருக்கி சட்டப்படி கூடாது. ஒரு பாட்டு, ஒரு சின்ன வாசகம், அந்த வீட்டு நோயாளியின் பெயர் சொல்லி ஒரு செபம். சாண்டா வேடத்துக்குக் கொடுக்கும் நேரத்தில் பாதியை இதற்குக் கொடுங்கள்.

அப்பா ஆகஸ்டில் இறந்தார். இந்த வருடம் ஸ்டார் கட்டவில்லை, குடிலும் இல்லை. வளையமும் கூடாதா? (வேளாங்கண்ணி வாசகி)

ஸ்டாரும் குடிலும் கொண்டாட்டம், வேண்டாம் என்றால் வேண்டாம். வளையம் அப்படி அல்ல, அது காத்திருப்பின் அடையாளம். துக்க வீட்டுக்கு அது மிகவும் பொருந்தும். இரண்டாம் ஞாயிறு வாசகமே "ஆறுதல் கூறுங்கள்" என்றுதான் தொடங்குகிறது. முதல் வாரப் புதன், டிசம்பர் 2 அன்று வரும் எசாயா 25:6-10இல், சாவை என்றுமே ஒழித்துவிட்டு எல்லா முகங்களிலிருந்தும் கண்ணீரைத் துடைக்கும் ஆண்டவர் வருகிறார். அன்று அப்பாவின் பெயரைச் சொல்லித் திரி ஏற்றுங்கள். அம்மாவுக்குச் செபம் சொல்ல முடியாவிட்டால் கட்டாயப்படுத்த வேண்டாம், உடன் உட்கார்ந்தால் போதும்.

குடிலில் பச்சைப் புல் வர எப்போது விதைக்க வேண்டும்? வளையத்தை எப்போது எடுப்பது? (நாகர்கோவில், தஞ்சாவூர் வாசகர்கள்)

கேழ்வரகை டிசம்பர் 12, 13 வாக்கில் விதையுங்கள். எட்டு மணி நேரம் ஊறவைத்து, துளை உள்ள தட்டில் ஒரு அங்குல மண்ணில் நெருக்கமாகத் தூவி, ஈரச் சாக்கால் இரண்டு நாள் மூடுங்கள். முளைத்ததும் சாக்கை எடுத்து வெயிலில் வைக்காவிட்டால் மஞ்சளாகிச் சாயும். துளை இல்லாத தட்டில் நீர் தேங்கி அழுகி நாற்றம் எடுக்கும். நெல் என்றால் ஒரு முழு நாள் ஊற வேண்டும். குடிலை 17க்குப் பிறகு கட்டி, தீவனத் தொட்டியை வெறுமையாக விட்டு, பாலனை 24 இரவில் வையுங்கள்.

வளையத்தின் வேலை 24 மாலையோடு முடிகிறது. சிலர் நடுவில் ஒரு வெள்ளைத் திரி வைத்து 2027 ஜனவரி 10, ஆண்டவரின் திருமுழுக்கு விழா வரை ஏற்றுவார்கள். அதுவும் நல்லதே. இலைகளை மட்டும் மாற்றுங்கள். மிச்சத் திரிகளைப் பழைய டப்பாவில் போட்டு, அந்த டப்பாவைக் கொதிநீரில் இறக்கி உருக்கினால் அடுத்த ஆண்டுக்கு ஒரு திரி கிடைக்கும். நேரடியாக அடுப்பில் வைத்து உருக்காதீர்கள், பற்றிக்கொள்ளும். உருகிய மெழுகைச் சிங்கில் ஊற்றினால் குழாய் அடைத்துக்கொள்ளும்.